பஸ்ஸும் வண்டிதான், பஸ் லிஸ்ட் மட்டும் ஏன் வண்டி லிஸ்ட் இல்லை?

கேள்வி: சாரத்தில் இருக்கிறேன், எம்.சி.ஏ. படிக்கிறேன். ஜாவா ப்ராஜெக்டுக்கு எங்கள் ஊர் போக்குவரத்தையே எடுத்துக்கொண்டேன். ‘வண்டி’ என்று ஒரு கிளாஸ். அதிலிருந்து ‘பஸ்’, ‘டெம்போ’, பஸ்ஸிலிருந்து ‘மினிபஸ்’. எல்லா வண்டிகளின் சாலை வரியையும் கூட்டித் தரும் மெத்தடுக்கு லிஸ்ட்<வண்டி> என்று பாராமீட்டர் வைத்தேன். அதற்கு லிஸ்ட்<பஸ்> அனுப்பினால் கம்பைலர் எரர் அடிக்கிறது. அதையே அர்ரேயாக அனுப்பினால் பேசாமல் வாங்கிக்கொள்கிறது. சீனியர் அக்கா ஒருவர் ‘? எக்ஸ்டெண்ட்ஸ் வண்டி’ என்று போடச் சொன்னார். எரர் போனது. ஆனால் அந்த மெத்தடுக்குள் ஒரு பஸ்ஸைச் சேர்க்கப் போனால் ‘கேப்ச்சர்’ என்று வேறொரு எரர். கேம்பஸ் இன்டர்வியூவில் லிஸ்ட்<?>, லிஸ்ட்<ஆப்ஜெக்ட்> இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள். இரண்டும் ஒன்றுதான் என்றேன், சிரித்துவிட்டார்கள். கோணக்குறியையே எடுத்துவிட்டால் மஞ்சள் எச்சரிக்கையோடு எல்லாம் ஓடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா சார்?

– ஒரு மாணவி, சாரம், புதுச்சேரி

பதில்: கூடாது. ஏன் கூடாது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் கம்பைலர் பக்கம் இருக்கும் நியாயத்தைப் பார்ப்போம்.

கிளாஸ் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறீர்கள். நல்லது. ஜாவா முதல் பதிப்பிலிருந்தே யூனிகோடு எழுத்துகளைப் பெயர்களில் அனுமதிக்கிறது, ஒற்றும் உயிர்மெய்க் குறிகளும் உட்பட. விண்டோஸில் பழைய ஜாவாவை வைத்துக்கொண்டு தமிழ்ப் பெயரோடு மல்லாடியவர்களுக்குத் தொல்லை கொடுத்தது ஃபைலின் என்கோடிங்தான். 2022-ல் வந்த ஜாவா 18-லிருந்து யு.டி.எஃப்-8 இயல்பாகவே வந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் ஜாவாவின் சொந்தச் சொற்களையும் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். நீங்கள் அடிக்கும்போது அவை மட்டும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்.

கம்பைலர் உங்கள் பேச்சைக் கேட்டு லிஸ்ட்<பஸ்>ஸை லிஸ்ட்<வண்டி>யாக ஏற்றுக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இதுவும் செல்லுபடியாகும்:

லிஸ்ட்<பஸ்> டெப்போ = நியூ அர்ரேலிஸ்ட்<>();
லிஸ்ட்<வண்டி> எல்லாம் = டெப்போ;
எல்லாம்.ஆட்(நியூ டெம்போ());
பஸ் முதல் = டெப்போ.கெட்(0);

இரண்டாம் வரியில் புது லிஸ்ட் எதுவும் உருவாகவில்லை. ‘டெப்போ’, ‘எல்லாம்’ இரண்டும் ஒரே லிஸ்டுக்கு இரண்டு பெயர்கள். மூன்றாம் வரியில் குற்றமில்லை, வண்டி லிஸ்டில் டெம்போவைச் சேர்ப்பது நியாயம்தானே? நான்காம் வரியிலும் குற்றமில்லை, பஸ் லிஸ்டிலிருந்து பஸ் வரும் என்று எதிர்பார்ப்பது உரிமை. ஆனால் கைக்கு வருவது டெம்போ. பழுது முழுக்க இரண்டாம் வரியில் இருக்கிறது, அதனால்தான் கம்பைலர் அங்கேயே தடுக்கிறது. பஸ் என்பது வண்டியின் துணை டைப்பாக இருந்தாலும், லிஸ்ட்<பஸ்> என்பது லிஸ்ட்<வண்டி>யின் துணை டைப் ஆகாது. இரண்டும் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை.

லிஸ்டிலிருந்து எடுக்க மட்டும் முடியும், போட முடியாது என்றிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. வரி கூட்டுவதற்கு எடுத்தால் போதும், உங்கள் மெத்தட் எதையும் போடப்போவதில்லை. ஆனால் அது உங்களுக்குத் தெரியும், கம்பைலருக்குத் தெரியாது. மெத்தடின் தலைப்பில் நீங்கள் எழுதிய லிஸ்ட்<வண்டி> என்ற டைப், எடுப்பது போடுவது இரண்டுக்கும் அனுமதி கேட்கிறது.

அர்ரே ஏன் வாங்கிக்கொள்கிறது என்பது கொஞ்சம் பழைய கதை. 1996-ல் ஜாவா வந்தபோது ஜெனரிக்ஸ், அதாவது கோணக்குறிக்குள் டைப்பைக் குறிக்கும் வசதி, கிடையாது. எந்த டைப் அர்ரே வந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கவும் வரிசைப்படுத்தவும் பொதுவான ஒரு மெத்தட் எழுத வேண்டுமானால், எல்லா ஆப்ஜெக்ட் அர்ரேக்களையும் ஆப்ஜெக்ட்[] ஆக ஏற்றுக்கொள்வது ஒன்றுதான் வழி. அதனால் பஸ்[] வந்தால் வண்டி[] என்று ஏற்றுக்கொள் என்று விதி வைத்தார்கள். அதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு அர்ரேயும் தான் எந்த டைப்புக்காகப் பிறந்தது என்பதை ஓடும்போதும் நினைவில் வைத்திருக்கிறது. பஸ் அர்ரேயில் டெம்போவைப் போட்டால் கம்பைல் ஆகும். ஓடும்போது அர்ரேஸ்டோர்எக்ஸெப்ஷன் என்று விழும். வாங்கிக்கொள்கிறதே என்று நீங்கள் மெச்சிய அர்ரே, சண்டையைத் தள்ளிப்போட்டிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் லேப்பில் வர வேண்டிய எரர், பயன்படுத்துபவரின் திரையில் வரும்.

அதே காவலை லிஸ்டுக்கும் ஓடும்போது போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போட முடியாது, காரணம் அழிப்பு. கம்பைலர் கோணக்குறிக்குள் இருப்பதைச் சரிபார்த்துவிட்டு, கிளாஸ் ஃபைலில் ஓடும் கட்டளைகளை எழுதும்போது அதை அழித்துவிடுகிறது. நியூ அர்ரேலிஸ்ட்<பஸ்>() ஒன்றும் நியூ அர்ரேலிஸ்ட்<டெம்போ>() ஒன்றும் உருவாக்கி, இரண்டிடமும் கெட்கிளாஸ் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரே விடைதான் வரும். ஓடும்போது அந்த லிஸ்டுக்குத் தான் பஸ் லிஸ்ட் என்பதே தெரியாது. தெரியாததை அது எப்படிக் காவல் காக்கும்? காவல் முழுக்கக் கம்பைல் நேரத்திலேயே முடிந்தாக வேண்டும். அர்ரேயிடம் காட்டிய தாராளத்தை லிஸ்டிடம் காட்ட முடியாததற்கு இதுதான் காரணம்.

ஏன் அழித்தார்கள்? இதில் ஆட்களும் தேதிகளும் முக்கியம். மார்ட்டின் ஓடர்ஸ்கி, ஃபிலிப் வாட்லர் இருவரும் 1997-ல் ‘பிட்ஸா’ என்ற மொழியில் ஜாவாவுக்கு ஜெனரிக்ஸ் சேர்த்துக் காட்டினார்கள். 1998-ல் கிலாட் பிராக்கா, டேவிட் ஸ்டவுட்டமையர் ஆகியோரும் சேர்ந்து ‘ஜி.ஜே.’ என்ற செம்மையான வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். அதே 1998 டிசம்பரில்தான் சன் நிறுவனம் ஜாவா 1.2-ஐ வெளியிட்டது. லிஸ்ட், மேப், செட் எல்லாம் அதில்தான் வந்தன, ஜெனரிக்ஸ் இல்லாமல். உலகம் முழுக்க அவற்றை வைத்து மென்பொருள் எழுதித் தள்ளினார்கள். ஜெனரிக்ஸ் ஜாவா 5-க்குள் அதிகாரபூர்வமாக நுழைந்தபோது 2004 செப்டம்பர் ஆகிவிட்டது. அதற்குள் கோணக்குறி இல்லாத பழைய கோடு மலையாய்க் குவிந்திருந்தது. அது புது லைப்ரரியோடு பேச வேண்டும், புதுக் கோடு பழைய லைப்ரரியோடு பேச வேண்டும், யாரும் எதையும் திரும்ப எழுதக் கூடாது. அழிப்பு அந்த நிபந்தனைக்குக் கட்டிய கப்பம்.

மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் போனது. 2005-ல் வந்த டாட்நெட் 2.0-ல், ஓடும்போதும் டைப் தெரியும்படி சி ஷார்ப் ஜெனரிக்ஸை அமைத்தார்கள். பழைய கலெக்‌ஷன்களை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்திலேயே புதுத் தொகுப்பு ஒன்றை எழுதினார்கள். டாட்நெட் அப்போது சின்னப் பிள்ளை, அதனால் முடிந்தது. ஜாவாவின் முடிவைத் திட்டுவது சுலபம். அந்த வருடம் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

இனி கேள்விக்குறி. லிஸ்ட்<பஸ்> லிஸ்ட்<வண்டி> ஆகாது என்று விட்டுவிட்டால் பொது மெத்தட் எழுதவே முடியாது, பஸ்ஸுக்கு ஒன்று, டெம்போவுக்கு ஒன்று என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். இதற்கு வழி கண்டவர்கள் இரு குழுவினர். 2002-ல் அட்சுஷி இகராஷி, மிர்க்கோ விரோலி என்ற இருவர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் அடிப்படை யோசனையை வைத்தார்கள். அதை வைல்டு கார்டாக, அதாவது இந்தக் கேள்விக்குறியாக, வார்த்து ஜாவா 5-ல் சேர்த்தவர்கள் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்து மேட்ஸ் டோர்கர்சன் குழுவினரும் சன் நிறுவனத்தாரும். (டோர்கர்சன் பிறகு மைக்ரோசாஃப்டுக்குப் போய் சி ஷார்ப்பின் தலைமை வடிவமைப்பாளர் ஆனார்.)

லிஸ்ட்<? எக்ஸ்டெண்ட்ஸ் வண்டி> என்று எழுதினால் பலரும் ‘எந்த வண்டியும் போட்டுக்கொள்ளக்கூடிய லிஸ்ட்’ என்று படிக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் படித்திருக்கிறீர்கள். அது தவறு. எந்த வண்டியும் போடக்கூடியது லிஸ்ட்<வண்டி>. கேள்விக்குறி சொல்வது வேறு: ‘இது ஏதோ ஒரு குறிப்பிட்ட டைப்பின் லிஸ்ட். அந்த டைப் எது என்று எனக்குத் தெரியாது. அது வண்டியோ, வண்டியின் வழிவந்ததோ என்பது மட்டும் நிச்சயம்.’ கேள்விக்குறி நிற்பது ஒரே ஒரு டைப்புக்கு, பல டைப்புகளுக்கு அல்ல. இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் மற்றதெல்லாம் நீங்களே வரவழைத்துக்கொள்ளலாம்.

அதிலிருந்து எதை எடுத்தாலும் அது குறைந்தபட்சம் வண்டி. சாலை வரி கேட்கலாம், பதிவெண் கேட்கலாம். அதனால் கூட்டும் மெத்தட் வேலை செய்தது. ஆனால் பஸ்ஸைப் போட முடியாது, வந்திருப்பது டெம்போ லிஸ்டாக இருக்கலாமே. டெம்போவையும் போட முடியாது, வந்திருப்பது மினிபஸ் லிஸ்டாக இருக்கலாம். ‘வண்டி’ ஆப்ஜெக்டையே கூடப் போட முடியாது. நல் ஒன்றுதான் போகும், அது எல்லா டைப்பிலும் அடங்கும் என்பதால். உங்களை மிரட்டிய ‘கேப்ச்சர்’ என்ற சொல், அந்தத் தெரியாத டைப்புக்குக் கம்பைலர் தனக்குள் வைத்துக்கொண்ட தற்காலிகப் பெயர். ‘இந்த லிஸ்டுக்கு உரிய டைப்பை ஒன்றாம் எண் கேப்ச்சர் என்று அழைக்கிறேன், நீங்கள் தரும் பஸ் அதுதான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை’ என்று சொல்ல வருகிறது. சொல்லும் விதம்தான் கொடுமை. வைல்டு கார்டுக்கு வந்த கெட்ட பெயரில் பாதிக்கு மேல் அந்த எரர் வாசகத்தால் வந்தது என்பது என் கணக்கு.

இங்கே ஒரு திருத்தம். எக்ஸ்டெண்ட்ஸ் போட்டால் லிஸ்ட் படிக்க மட்டும் ஆகிவிடும் என்று பல நோட்ஸ்களில் எழுதியிருக்கிறது. ஆகாது. கிளியர் என்று கூப்பிட்டுப் பாருங்கள், லிஸ்ட் துடைத்துக் காலியாகிவிடும். ரிமூவ் வேலை செய்யும். இடம் மாற்றி அடுக்கலாம். அவற்றுக்குத் தெரியாத டைப்பின் ஆப்ஜெக்டை நீங்கள் தர வேண்டியதில்லை, அதனால் கம்பைலருக்கு ஆட்சேபம் இல்லை. லிஸ்டை வாங்குபவர் அதை மாற்றக் கூடாது என்றால் அதற்கு கலெக்‌ஷன்ஸ் கிளாஸில் அன்மாடிஃபையபிள்லிஸ்ட் இருக்கிறது.

எதிர்ப்பக்கம் ‘? சூப்பர் பஸ்’. பஸ், அல்லது பஸ்ஸுக்கு மேலே உள்ள ஏதோ ஒரு டைப்பின் லிஸ்ட் என்று பொருள். அது பஸ் லிஸ்டோ, வண்டி லிஸ்டோ, ஆப்ஜெக்ட் லிஸ்டோ, மூன்றில் எதுவானாலும் பஸ்ஸைப் போடலாம், மினிபஸ்ஸையும் போடலாம். எடுத்தால் வருவது வெறும் ஆப்ஜெக்ட் என்பதற்கு மேல் எந்த உறுதியும் இல்லை. ஜாவாவின் கலெக்‌ஷன்ஸ்.காப்பி மெத்தடின் தலைப்பில் இரண்டையும் அருகருகே பார்க்கலாம். ‘டி’ என்பது அங்கே டைப் பாராமீட்டர்:

<டி> வாய்ட் காப்பி(லிஸ்ட்<? சூப்பர் டி> சேருமிடம், லிஸ்ட்<? எக்ஸ்டெண்ட்ஸ் டி> மூலம்)

மூலத்திலிருந்து எடுக்கிறோம், ஆகவே எக்ஸ்டெண்ட்ஸ். சேருமிடத்தில் போடுகிறோம், ஆகவே சூப்பர். ஜாஷுவா பிளாக் தன் ‘எஃபெக்டிவ் ஜாவா’ நூலின் 2008 பதிப்பில் இதை ‘பெக்ஸ்’ என்று சுருக்கினார்: தருபவருக்கு எக்ஸ்டெண்ட்ஸ், பெறுபவருக்கு சூப்பர். தருவதும் பெறுவதும் அந்த லிஸ்டின் பார்வையில், மெத்தடின் பார்வையில் அல்ல. இங்கே குழம்பி, தலைகீழாக எழுதுபவர்கள் நிறைய. ஒரே லிஸ்டில் எடுக்கவும் போடவும் வேண்டுமா? கேள்விக்குறியே வேண்டாம், லிஸ்ட்<பஸ்> என்றோ லிஸ்ட்<டி> என்றோ நேராக எழுதுங்கள்.

சூப்பரின் நிஜமான அருமை லிஸ்டில் தெரியாது, கம்பாரேட்டரில் தெரியும். உங்கள் ப்ராஜெக்டில் வண்டிகளைப் பதிவெண் வரிசையில் அடுக்க வேண்டும் என்று வையுங்கள். பி.ஒய்.-01 புதுச்சேரி, 02 காரைக்கால், 03 மாஹே, 04 ஏனாம். பிராந்தியப்படி பிரித்து அடுக்கும் கம்பாரேட்டர்<வண்டி> ஒன்றை ஒருமுறை எழுதினால் போதும். பஸ்ஸோ டெம்போவோ, பதிவெண் எல்லா வண்டிக்கும் உண்டு. லிஸ்டின் சார்ட் மெத்தட் கம்பாரேட்டர்<? சூப்பர் இ> என்று கேட்பதால் (‘இ’ என்பது அந்த லிஸ்டின் உறுப்பு டைப்), லிஸ்ட்<பஸ்>ஸை அடுக்கவும் அந்த வண்டிக் கம்பாரேட்டரை அப்படியே கொடுக்கலாம். கம்பாரேட்டர் பஸ்ஸைப் பெறுகிறது, எதையும் தருவதில்லை. சூப்பர் இல்லாமல் அந்த மெத்தடை எழுதியிருந்தால், டெம்போவுக்கும் மினிபஸ்ஸுக்கும் தனித்தனியாக அதே கோடை நகல் எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

இன்டர்வியூ கேள்வியைச் சுருக்கமாகவே முடிக்கலாம். லிஸ்ட்<ஆப்ஜெக்ட்>டில் எதை வேண்டுமானாலும் போடலாம், ஆனால் அந்தப் பாராமீட்டருக்கு லிஸ்ட்<பஸ்>ஸை அனுப்ப முடியாது. லிஸ்ட்<?>க்கு எந்த லிஸ்டையும் அனுப்பலாம், ஆனால் நல் தவிர எதையும் போட முடியாது. ஒன்று உள்ளே போடத் தாராளம், மற்றது வாங்கிக்கொள்ளத் தாராளம். அடுத்த முறை அவர்கள் மேலும் துருவினால், டி எப்போது, கேள்விக்குறி எப்போது என்று கேட்பார்கள். தெரியாத டைப்பை இரண்டு இடங்களில் இணைக்க வேண்டுமானால், அதாவது வந்த டைப்பே திரும்பிப் போக வேண்டும், அல்லது இரண்டு பாராமீட்டர்கள் ஒத்திருக்க வேண்டும் என்றால், அதற்குப் பெயர் தேவை, ஆகவே டி. ஒரே இடத்தில் வந்துபோகும் டைப்புக்குப் பெயர் எதற்கு? கேள்விக்குறி போதும்.

இவ்வளவு சிக்கல் ஏன் என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தின் தொனியில் அது இருக்கிறது. லிஸ்ட் என்ற ஒரே இன்டர்ஃபேஸில் கெட்டும் ஆடும் சேர்ந்தே இருப்பதுதான் மூலம். அதை 1998-லேயே வெளியிட்டாகிவிட்டது, பிரிக்க வழியில்லை. ஆகவே பயன்படுத்தும் ஒவ்வொரு இடத்திலும் ‘இங்கே எடுக்க மட்டும்’, ‘இங்கே போட மட்டும்’ என்று நாமே எழுதிக்காட்ட வேண்டியிருக்கிறது. 2016-ல் முதல் பதிப்பு கண்ட காட்லின், லிஸ்டைப் படிக்க மட்டும் உரியதாக வைத்து, மாற்றக்கூடியதை மியூட்டபிள்லிஸ்ட் என்று பிரித்துவிட்டது. அங்கே பஸ் லிஸ்டை வண்டி லிஸ்ட் கேட்கும் இடத்தில் கேள்விக்குறி இல்லாமலே கொடுக்கலாம். சி ஷார்ப்பும் 2010-ல் சில இன்டர்ஃபேஸ்களுக்கு அந்த வசதியைத் தந்தது. எழுதும் இடத்தில் ஒருமுறை தீர்த்துவிட்டால் பயன்படுத்துபவருக்கு நிம்மதி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஜாவாவுக்கு அந்தக் கதவு மூடியிருந்தது.

வைல்டு கார்டு பெரிய தலைகளையும் சுற்றவைத்திருக்கிறது. 2016-ல் நாடா அமீன், ராஸ் டேட் இருவரும் வைல்டு கார்டையும் நல்லையும் சேர்த்து, ஒரு காஸ்ட் கூட எழுதாமல் ஜாவாவின் டைப் பாதுகாப்பை உடைக்கும் ஒரு குட்டிப் புரோகிராமை எழுதிக் காட்டினார்கள். ஜாவா 5 வந்து 12 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாத ஓட்டை அது. ஆகவே இன்டர்வியூவில் ஒரு கேள்விக்குத் தடுமாறியதற்கு நீங்கள் வருத்தப்பட வேண்டாம்.

இனி உங்கள் கோடு. வரி கூட்டும் மெத்தடுக்கு அக்கா சொன்ன லிஸ்ட்<? எக்ஸ்டெண்ட்ஸ் வண்டி> சரியானதுதான், அப்படியே இருக்கட்டும். அதே மெத்தடுக்குள் பஸ்ஸையும் சேர்க்கப் போனீர்கள் என்றால், அது வரி கூட்டும் மெத்தடின் வேலையே இல்லை. எரர் உங்கள் வடிவமைப்பைத்தான் சுட்டுகிறது. சேர்ப்பதற்கு லிஸ்ட்<? சூப்பர் பஸ்> வாங்கும் தனி மெத்தட் எழுதுங்கள். திருப்பித் தரும் டைப்பில் மட்டும் கேள்விக்குறியை வைக்காதீர்கள். வைத்தால் உங்கள் மெத்தடைக் கூப்பிடுபவர்கள் எல்லாம் தங்கள் கோடிலும் கேள்விக்குறியைச் சுமந்து திரிய வேண்டும். பாராமீட்டரில் தாராளம், திருப்பித் தருவதில் கறார், அதுதான் நடைமுறை.

கோணக்குறியை எடுத்துவிட்டு வெறும் லிஸ்ட் என்று எழுதுவது, 2004-க்கு முந்திய கோடுக்காக விட்டுவைத்த பின்வாசல். அப்படி எழுதியதும் அந்த மாறியின் மேல் கம்பைலர் செய்யும் ஜெனரிக்ஸ் சரிபார்ப்பு முழுக்க நின்றுவிடுகிறது. பஸ் லிஸ்டுக்குள் டெம்போ மட்டுமல்ல, ஒரு ஸ்ட்ரிங் கூடப் போகும், அர்ரேயைப் போல அந்த இடத்திலேயே விழவும் விழாது. எப்போதோ, வேறு ஃபைலில், யாரோ பஸ் என்று நம்பி எடுக்கும் வரியில் கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன் வரும். அந்த வரியில் நீங்கள் காஸ்ட் எதுவும் எழுதியிருக்க மாட்டீர்கள். அழிப்பின்போது கம்பைலரே செருகிய காஸ்ட் அது. டெம்போ எந்த வரியில் உள்ளே நுழைந்தது என்பதற்கு எரர் செய்தியில் எந்தத் தடயமும் இருக்காது. வேடிக்கை என்னவென்றால், ஜாவாவின் சொந்த லைப்ரரியிலேயே கலெக்‌ஷன்ஸ்.ஸ்வாப் மெத்தடுக்குள் கோணக்குறி இல்லாத லிஸ்ட் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஏன் அப்படி எழுதினோம், வேறு எப்படி எழுதியிருக்கலாம் என்று பக்கத்திலேயே குறிப்பும் வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஒரே லிஸ்டில் எடுத்ததை அதே லிஸ்டில் வைக்கிறார்கள், தெரிந்தே செய்கிறார்கள். உங்கள் மஞ்சள் எச்சரிக்கைகளை முதலில் முழுதாகப் பாருங்கள். கம்பைல் செய்யும்போது எக்ஸ்-லின்ட் அன்செக்டு என்ற தேர்வைக் கொடுத்தால், எந்தெந்த வரியில் சரிபார்ப்பு விட்டுப்போனது என்று ஒவ்வொன்றாகக் காட்டும். அந்த வரிகளிலிருந்தே திருத்தத் தொடங்குங்கள்.